அக்காவின் அளவுக் கயிறு

என் அக்கா மலைப்பாதையில் ஜீப் ஓட்டத் தொடங்கியதே ரிவர்ஸ் கியரில்தான். அலுவலகத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

அக்காவுக்குக் கல்யாணமான மறு வருஷம் மாமா ஒரு பழைய ஜீப்பை ஏலத்தில் எடுத்தார். மலையடிவாரத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். டயரைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை, உயரத்தைப் பற்றித் தெரிந்தது எதுவும் இல்லை. மேலே இருக்கும் குடியிருப்புக்கு ஆள் ஏற்றலாம், மூட்டை ஏற்றலாம் என்று முதல் நாள் தெம்பாகக் கிளம்பினார். மூன்றாவது வளைவில் தலையை வெளியே நீட்டிக் கீழே எட்டிப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பாறையைத் தடவித் தடவி நடந்தே கீழே வந்து சேர்ந்தார்.

"வண்டி எங்கங்க?" என்று அக்கா கேட்டாள்.

"மேல நிக்குது."

"நீங்க?"

"நான் இங்க நிக்கிறேன்ல. பாத்தா தெரியலையா?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினாள். எங்கள் அப்பா டிராக்டர் டிரைவர். டிரெய்லர் மாட்டிய டிராக்டரை ரிவர்ஸில் கொண்டுபோய்க் கொட்டகைக்குள் சொருகுவதைப் பத்தாம் வகுப்பு முடிக்கும் முன்பே அவள் பழகியிருந்தாள். மூன்றாவது வளைவில் வண்டியைத் திருப்ப இடமில்லை. முன்னால் இருந்தது தெரியாத பாதை, பின்னால் இருந்தது நடந்து ஏறிய பாதை. கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே இறக்கினாள். கீழே பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் ஒரு ஜீப் பின்பக்கமாக மலையிறங்கி வருவதைப் பார்த்து ஓரம் ஒதுங்கி நின்றார்களாம். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் 'ரிவர்ஸ் அக்கா.' தலை நரைத்தவர்களுக்கும் அவள் அக்காதான்.

அதன் பிறகு பதினொரு வருஷமாக அந்தப் பாதையில் தினமும் ஓடும் வண்டி அவளுடையது ஒன்றே. காலையில் இரண்டு டீச்சர்களும் மருந்துப் பெட்டியோடு நர்ஸும் ஏறுவார்கள். மதியம் மேலிருந்து காய்கறி மூட்டைகள் இறங்கும். யாருக்காவது வலி எடுத்தால் எந்த நேரமும் வண்டி கிளம்பும். போக்குவரத்து அலுவலகம் இந்தப் பாதைக்கு வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்தம் அவள் பெயரில் இருக்கிறது. நான் பட்டம் வாங்கியது அந்த ஜீப் சக்கரத்தில்தான். எங்கள் வீட்டில் அதற்கு முன் பட்டம் என்றால் காற்றில் விடுவது.

இனிக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாதையின் பாதி தூரத்தில் இரண்டு பாறைகள் எதிரும் புதிருமாக நிற்கும். 'தாடை' என்று பெயர். நடுவில் ஒரு வண்டி போகலாம், ஆனால் எல்லா வண்டியும் போக முடியாது. ஒரு சமயம் ஜெனரேட்டர் ஏற்றி வந்த வேன் ஒன்று தாடைக்குள் மாட்டிக்கொண்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் மூன்று நாள் நின்றது. மூன்று நாளும் டீச்சர்கள் வேனின் கூரைமேல் ஏறி அந்தப் பக்கம் குதித்துப் பள்ளிக்கூடம் போனார்கள். நான்காம் நாள் வேன் வெளியே வந்ததும் அக்கா ஒரு நைலான் கயிற்றை எடுத்துப்போய்த் தாடையின் அகலத்தை அளந்து ஒரு முடிச்சுப் போட்டாள். அதற்குச் சற்று மேலே ஓடையின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் கல்லின் உயரத்தை அளந்து இன்னொரு முடிச்சு. அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. அன்றிலிருந்து மேலே போக நினைக்கும் எந்த வண்டியும் மாமாவின் பஞ்சர் கடை முன்னால் நின்று கயிற்றுக்கு அளவு காட்டிவிட்டுத்தான் போகும். அகல முடிச்சைத் தாண்டி உடம்பு நீண்டாலும், உயர முடிச்சுக்குக் கீழே வயிறு தொங்கினாலும் திரும்ப வேண்டியதுதான். ஒரு முறை அதிகாரி ஒருவரின் காரையே அக்கா திருப்பி அனுப்பினாள். "சார் பெரியவர்தான், வண்டியும் பெருசா இருக்கே" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறிப்போனார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது, வரும் முதல் தேதியிலிருந்து அமல். அக்காவின் ஜீப்புக்குப் பத்தொன்பது வயது. முதல் தேதிக்குள் புது வண்டியைக் காட்டாவிட்டால் ஒப்பந்தம் கீழே பத்து வண்டி வைத்திருக்கும் ஒருவருக்குப் போய்விடும். அவர் ஓடை வரைக்கும்தான் வருவேன், அதற்குமேல் நடந்துகொள்ளட்டும் என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். ஓடையிலிருந்து மேலே நான்கு கிலோமீட்டர். வலி எடுத்தவளை நான்கு கிலோமீட்டர் யார் தூக்குவது?

அக்கா மூன்று வருஷமாகவே புது வண்டிக்குச் சேர்த்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் அவள் ஓர் அடி வைத்தால் விலை இரண்டு அடி வைத்தது. இரும்பு விலை ஏறியது என்று ஒரு முறை, ஏதோ புது விதிமுறை என்று ஒரு முறை, காரணமே சொல்லாமல் ஒரு முறை. முதல் வருஷம் விசாரித்தபோது உச்ச மாடலுக்குச் சொன்ன விலை இப்போது அடிமட்ட மாடலுக்கு வந்துவிட்டது. அவளிடம் இருந்த தொகை அந்த அடிமட்ட மாடலை எட்டித் தொடும் அளவுக்கு மட்டும். வரும் முதல் தேதியில் மறுபடியும் ஏறப்போகிறது என்று விளம்பரமே கொடுத்திருந்தார்கள்.

"டேய், நீதான் படிச்சவன். நீயே ஃபாரம் போடு" என்றாள் அக்கா.

போட்டேன். இங்கேதான் நான் ஒரு வேலை செய்தேன்.

கம்பெனியின் இணையப் பக்கத்தில் அடிமட்ட மாடலைத் தேர்ந்தெடுத்து அடுத்த பக்கம் போனால் 'விருப்பத் தேர்வுகள்' என்று ஏழு கட்டங்கள். பெரிய அலாய் சக்கரம், அதை மூட அகலமான மட்கார்டு, ஏறி இறங்க சைடு ஸ்டெப், தோல் சீட், கூரைத் திறப்பு, டச் ஸ்கிரீன், பின்பக்கக் கேமரா. ஒவ்வொன்றையும் தொட்டால் படத்தில் வண்டி இன்னும் அழகாகிக்கொண்டே போனது. பதினொரு வருஷமாக ஜன்னல் கண்ணாடி இல்லாத ஜீப்பில், மழைக்கு ஒரு பக்கம் நனைந்த தோளோடு ஓட்டியவள் என் அக்கா. நான் சம்பாதிக்கத் தொடங்கி ஒன்றரை வருஷம். ஏழு கட்டத்திலும் டிக் அடித்தேன். அதற்கான தொகையை என் சம்பளத்தில் மாதாமாதம் கட்டிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். அந்த ஏழு டிக்கும் சேர்ந்து என் மூன்று வருஷப் படிப்புச் செலவைவிட அதிகம். அது எனக்கு உறைக்கவே இல்லை. அக்காவிடம் சொல்லவும் இல்லை.

நான் வேலை பார்ப்பது காப்பீட்டு அலுவலகத்தில். அடுத்தவர் பத்திரத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்கு என் அக்காவின் ஃபாரத்தில் நான் பெரிய எழுத்தைக்கூட ஒழுங்காகப் படிக்கவில்லை.

மாதத்தின் கடைசி நாள் மதியம் மூன்றரை மணிக்கு மூவரும் ஷோரூம் வாசலுக்குப் போனோம். நான் பஸ்ஸில் போய் இறங்கினேன், அக்காவும் மாமாவும் ஜீப்பில் வந்தார்கள். கண்ணாடிச் சுவர், உள்ளே முகம் தெரியும் தரை. வாசலில் நின்ற வாட்ச்மேன் ஜீப்பையும் அதிலிருந்து உதிர்ந்த சேற்றையும் பார்த்துவிட்டு, "இங்க நிறுத்தக் கூடாதும்மா. பின்னாடி சர்வீஸ் யார்டுக்குக் கொண்டு போங்க" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "புது வண்டி வாங்க வந்திருக்கோம்" என்றேன்.

"விடுடா. அவருக்கும் தரை தொடைக்கிற வேலை மிச்சம்" என்று அக்கா சிரித்துக்கொண்டே வண்டியைப் பின்னால் கொண்டுபோனாள். மாமா என்னோடு நின்றுகொண்டார்.

கால் மணி நேரம் கழித்துத்தான் அவள் வந்தாள். முழங்கை வரை தூசி. முட்டியிலும் தூசி.

"என்னக்கா, இவ்வளவு நேரம்?"

"இடம் பாத்து விட வேணாமா?" என்று கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

டை கட்டிய விற்பனையாளர் எங்களை நடு மேடையில் நின்ற வண்டிக்கு அழைத்துப்போனார். நான் டிக் அடித்த அத்தனையும் அதில் இருந்தன. செம்மண் நிறம். நிற்கும்போதே பாய்வதுபோல் இருந்தது. நான்தான் கதவைத் திறந்து, "உக்காருக்கா" என்றேன். உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"மேடம், கூரை திறக்கும் பாருங்க" என்று விற்பனையாளர் ஒரு பட்டனை அழுத்தினார்.

"எங்க ஜீப்புல அது மூடுறதே இல்ல தம்பி."

"சீட்டுக்குள்ள இருந்து குளுகுளுன்னு காத்து வரும் மேடம்."

"சீட்டுக்குள்ள இருந்தா?" என்று மாமா குனிந்து பார்த்தார். "எந்தப் பக்கமா?"

"சார், வாய்ஸ் கமாண்டும் இருக்கு. மேடம் என்ன சொன்னாலும் வண்டி உடனே கேட்டு நடக்கும்."

"அந்த வேலைக்கு ஏற்கனவே நான் இருக்கேனே" என்றார் மாமா. விற்பனையாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா எல்லாவற்றையும் தள்ளிவிடவில்லை. இறக்கத்தில் பிரேக்கில் கால் வைக்காமலே வண்டி தானாக வேகத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கும் வசதியைச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது எல்லா மாடல்லயும் உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்றார். நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் தாழ்ந்த கியரைப் பற்றி ஐந்து கேள்வி கேட்டாள். நான்காவது கேள்விக்கே அவர் உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் விற்பனையாளர் எங்கள் முன்பதிவின் அச்சுப் பிரதியை மேஜையில் வைத்தார். அக்கா அதை எடுத்துப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, ஆனால் எண் தெரியும், டிக் தெரியும்.

"இது என்னடா, ஏழு டிக்கு?"

"அது... என் செலவுக்கா. நான் கட்டிக்கிறேன். உனக்குன்னு நான் இதுவரைக்கும் எதுவுமே..."

 அக்கா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. என் தோளில் கை வைத்து ஒரு தரம் அழுத்திவிட்டு, கைப்பையைத் திறந்து கயிற்றை எடுத்தாள்.

மேடையில் நின்ற வண்டிக்கு முன்னால் மண்டியிட்டு, ஒரு முனையை மாமாவின் கையில் கொடுத்தாள். மாமா அந்தப் பக்கத்துச் சைடு ஸ்டெப்பின் வெளி ஓரத்தில் பிடித்தார். அக்கா இந்தப் பக்கம் இழுத்தாள். பக்கத்தில் வண்டி பார்க்க வந்திருந்த குடும்பம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "டெய்லர் கடைக்கு வந்த மாதிரி இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். எனக்குக் காது சூடானது. அக்கா தலை நிமிரவில்லை.

அகல முடிச்சு ஸ்டெப்பின் ஓரத்தைத் தொடவில்லை. நான்கு விரல் உள்ளேயே நின்றுவிட்டது. மட்கார்டில் வைத்தாள். அங்கே மூன்று விரல்.

"இந்த வண்டி எங்க தாடைக்குள்ள போகாது தம்பி" என்று விற்பனையாளரிடம் சொன்னாள். "பக்கக் கண்ணாடியை மடக்கலாம். ஸ்டெப்பையும் மட்கார்டையும் மடக்க முடியாதே."

 தாடை வழியாக நான் எத்தனை முறை போய் வந்திருக்கிறேன். படிக்கும்போது விடுமுறைக்கெல்லாம் அதன் வழியாகத்தான் மூட்டைமேல் உட்கார்ந்து போனேன். ஏழு டிக் அடிக்கும்போது ஒரு தரம்கூட அது நினைவுக்கு வரவில்லை.

"அப்ப எதுவும் இல்லாத வண்டியைக் குடுங்க" என்றாள் அக்கா.

விற்பனையாளர் உள்ளே போய் மேலாளரை அழைத்து வந்தார். கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். "மேடம், வெறும் மாடல் ஸ்டாக் இல்ல. புதுசா ஆர்டர் போட்டா ஆறு மாசம். அதுவும் நாளைல இருந்து புது விலை."

"பின்னாடி யார்டுல என் ஜீப்பைத் தாண்டி உள்ள ஒரு வெள்ளை வண்டி நிக்குதே. அது யாரோடது?"

மேலாளர் விற்பனையாளரைப் பார்த்தார். விற்பனையாளர் தரையைப் பார்த்தார்.

"அது ஃபிட்டிங்குக்குப் போகுது மேடம். ஸ்டெப்பு, அலாய் எல்லாம் நாங்களே மாட்டி ஸ்பெஷல் எடிஷனா குடுக்கிறது."

"இன்னும் ஓட்டை போடலையே. அட்டைப் பெட்டி பிரிச்சு வச்சிருந்தாங்க. மெக்கானிக் அண்ணன்கிட்ட ஒரு டீ குடிச்சுட்டு வாங்கண்ணே, அதுவரைக்கும் டிரில்லைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டுதான் வந்தேன். கயிறு போட்டுப் பாத்துட்டேன். ரெண்டு முடிச்சுக்கும் வருது."

அவள் முட்டியில் இருந்த தூசியின் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உள்ளே வரும் முன்பே அவள் தன் வண்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

"அப்புறம் எதுக்குக்கா ஒரு மணி நேரம் இதுல உக்காந்திருந்தே?" என்று கேட்டேன்.

"நீ அவ்வளவு ஆசையா கதவைத் தொறந்து விட்டே. உடனே எறங்க மனசு வரலடா."

மேலாளர் முன்பதிவுத் தாளைத் தட்டிக் காட்டினார். "புக்கிங் ஏழு ஆப்ஷனோட இருக்கு மேடம். அதை ரத்து பண்ணிட்டுப் புதுசா போட்டா புது விலைதான் விழும்."

இந்த இடத்தில்தான் எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது. தாளைத் திருப்பினேன். பின்பக்கம் எறும்பு வரிசைபோல எழுத்து. மேலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். பதினாறாவது வரியில் நின்றது. சேஸிஸ் எண் ஒதுக்கப்படும் வரை வாடிக்கையாளர் விருப்பத் தேர்வுகளை நீக்கிக்கொள்ளலாம், முன்பதிவு நாளின் விலை மாறாது. சத்தமாகப் படித்து, தமிழிலும் சொன்னேன்.

"எங்களுக்கு இன்னும் சேஸிஸ் எண் ஒதுக்கல சார்" என்றேன். 

"பாத்தீங்களா" என்று மாமா விற்பனையாளரின் விலாவில் இடித்தார். "மூணு வருஷம் காலேஜுக்கு அனுப்பினது இந்த ஒரு வரிக்குத்தான்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதி சரிதான் தம்பி. ஆனா வெறும் வண்டியை வித்தா எங்களுக்கு என்ன நிக்கும், சொல்லுங்க."

நேர்மையான கேள்வி. அக்காவும் நேராகவே பதில் சொன்னாள். "உங்க ரூம் போர்டுல இந்த மாசம் டார்கெட் முப்பதுன்னு எழுதி, பக்கத்துல இருபத்தொம்பதுன்னு போட்டிருக்கீங்க. யார்டுல இருந்து வரும்போது பாத்தேன். இன்னைக்கு மாசக் கடைசி. நான் முப்பதாவது ஆளா நிக்கிறேன் சார்."

மேலாளர் சிரித்துவிட்டார். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றது. மணியைப் பார்த்தார். "அஞ்சு இருபது. ஆறு மணிக்கு பில்லிங் கம்ப்யூட்டர் மூடிடும். அதுக்குள்ள வண்டியை முன்வாசலுக்குக் கொண்டுவந்து சேஸிஸ் நம்பரோட போட்டோ எடுத்து ஏத்தணும். வெள்ளை வண்டி யார்டுல கடைசில நிக்குது. முன்னாடி வழியை லிஃப்ட்ல ஏத்தின வண்டி மறிச்சிருக்கு. வண்டி நகத்துற டிரைவர் டெலிவரிக்குப் போயிருக்கான், வர ஆறரை ஆகும். இது என் கையில இல்ல மேடம்."

"பின்பக்கம் வழி இருக்கே" என்றாள் அக்கா.

"அது சந்து மேடம். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் இரும்புத் தூண். நீளமா ரிவர்ஸ் எடுக்கணும். அதுல கேமராவும் இல்ல."

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது.

"சாவியைக் குடுங்க சார்" என்றாள் அக்கா.

யார்டுக்குப் போனோம். சந்து நிஜமாகவே குறுகல். வெள்ளை வண்டியின் இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கினால்தான் தூணைத் தாண்ட முடியும். மடக்கினால் பின்னால் எதுவும் தெரியாது. மெக்கானிக் டீ டம்ளரோடு வந்து நின்றார். விற்பனையாளர் போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தயாரானார். மேலாளர் வண்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்ற கவலையை முகத்தில் ஒளிக்கவே இல்லை.

அக்கா கண்ணாடிகளை மடக்கினாள். இரண்டு ஜன்னலையும் முழுக்க இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். மாமா வண்டியின் பின்னால் போய் நின்றார். தினமும் மாலையில் பஞ்சர் கடைக் கொட்டகைக்குள் அவள் ஜீப்பைச் சொருகும்போது அவர் நிற்கும் அதே நிலை. அவர்களுக்குள் பேச்சு கிடையாது. வண்டியின் உடம்பில் ஒரு தட்டு என்றால் வா, இரண்டு தட்டு என்றால் நில்.

டப்.

வண்டி நகர்ந்தது. அக்கா இடது கையால் பக்கத்துச் சீட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்தைத் திருப்பியிருந்தாள். வண்டி சுவரை உரசிவிடும் என்று எனக்குத் தோன்றிய ஒவ்வொரு நொடியும் சுவர் ஒரு விரல் தள்ளியே நின்றது.

டப். டப் டப். நின்றது. ஸ்டியரிங்கை நூல் அளவு ஒடித்தாள். டப்.

தூணுக்குப் பக்கத்தில் வந்தபோது விற்பனையாளர் போனைத் தாழ்த்திவிட்டார், பார்க்க முடியவில்லை போலும். வெள்ளை வண்டி தூணைத் தாண்டியது, சந்தை முடித்தது, அப்படியே வளைந்து ஷோரூமைச் சுற்றி முன்வாசலுக்குப் போய், மதியம் ஜீப்பைத் துரத்திய அதே இடத்தில், வாட்ச்மேனுக்கு நேர் எதிரே பின்பக்கத்தைக் காட்டி நின்றது.

"நம்ம டிரைவருக்கு இது அரை மணி நேர வேலை சார்" என்றார் மெக்கானிக். "அதுவும் ரெண்டு கீறலோட."

"கேமரா இல்லாம எப்படிங்க..." என்று மேலாளர் தொடங்கினார்.

மாமா உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். "இதான் சார் கேமரா. பதினொரு வருஷமா ரிப்பேரே இல்ல."

ஐந்து ஐம்பதுக்கு பில் வந்தது. பழைய விலை, ஏழு டிக்கும் நீக்கப்பட்ட தாள். மேலாளர் அறைக்குள் போய் இருபத்தொன்பதைத் தானே அழித்து முப்பது என்று எழுதினார். வெளியே வந்தவர் வாட்ச்மேனிடம், "இவங்க பழைய ஜீப்பையும் முன்னாடி கொண்டுவந்து நிறுத்தச் சொல்லு. ரெண்டையும் சேத்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றார்.

எனக்கு மட்டும் ஒரு குறை. அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏதாவது வாங்கிக் குடுத்தே ஆகணுமாடா உனக்கு?"

"ஆமா."

"கால்ல போடுற ரப்பர் மேட் ரெண்டு செட் வாங்கிக் குடு. ஏறுறவங்க காலெல்லாம் சேறு."

ஷோரூமின் உதிரிப் பொருள் பட்டியலில் கடைசி வரி அதுதான். வாங்கினேன். கறுப்பு நிறம், ஓரம் தூக்கியது, தண்ணீர் வெளியே வழியாது. என் சம்பளத்தில் நான் வாங்கியவற்றிலேயே அதிகம் மிதிபடுவதும் அதிகம் எனக்குப் பிடித்ததும் அவைதான்.

முதல் தேதி காலை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நானும் மலைக்குப் போனேன். அடிவாரத்திலேயே போக்குவரத்து அலுவலகத்து ஆள் வந்து வண்டியைப் பார்த்து, தற்காலிக எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒப்பந்தத்தில் முத்திரை வைத்துக் கொடுத்தார். டீச்சர்களும் நர்ஸும் ஏறினார்கள். கதவை மூடும்போது வந்த கனத்த சத்தத்தைக் கேட்டு ஒரு டீச்சர் திறந்து மறுபடி மூடிப் பார்த்தார். எல்லோருக்கும் கடைசியில், யாரும் கூப்பிடாமலே, மாமாவும் வந்து ஏறினார்.

"நீங்களா?" என்றாள் அக்கா.

"இதுல ஜன்னல் கண்ணாடி இருக்குல்ல. ஏத்தி விட்டா உயரம் உள்ள வராது."

மூன்றாவது வளைவில் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் இறங்கவில்லை.

தாடைக்கு முன்னால் அக்கா வண்டியை நிறுத்தினாள். இறங்கிப்போய்க் கயிற்றை எடுத்தாள். யார்டில் ஒரு தரம் அளந்ததுதான், எல்லோருக்கும் தெரியும். "எதுக்குக்கா மறுபடியும்?" என்று நர்ஸ் கேட்டார்.

"அதிகாரி காருக்கே போட்டாச்சு. என் வண்டின்னா விட்டுடறதா?"

நான் ஒரு முனையைப் பிடித்தேன். முடிச்சு வண்டியைத் தாண்டி வெளியே வந்து நின்றது. அக்கா ஏறி, கண்ணாடிகளை மடக்கி, தாடைக்குள் விட்டாள். நான் பின்னாலேயே நடந்தேன். இரண்டு பக்கமும் நான்கு நான்கு விரல் வெளிச்சம். பாறையில் பழைய ஜீப் உரசிய கறை எதுவும் இல்லை, பதினொரு வருஷத்தில் அது உரசியதே இல்லை. அந்த வேன் உரசிய நீலக் கோடு மட்டும் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, நான் அக்காவின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தபோது, விற்பனையாளர் என்னை அழைத்தார். விலை மறுபடியும் ஏறிவிட்டதாம், இப்போது சைடு ஸ்டெப் இல்லாமல் வண்டியே வருவதில்லையாம். மலைப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, எதுவும் மாட்டாத வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார்கள், அவர்களுக்கு யாரோ அக்காவின் வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள் என்றார். "அக்காகிட்ட அந்தக் கயிறு எத்தனை அடின்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க தம்பி. நாங்களும் ஒண்ணு கட்டி வச்சுக்கிறோம்."

போனை அக்காவிடம் கொடுத்தேன். அவள் ரிவர்ஸ் கியரைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அவங்க பாதைக்கு என் கயிறு எதுக்குத் தம்பி? அவங்க தாடையை அவங்களே அளந்துட்டு வரச் சொல்லுங்க" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "முடிச்சு மட்டும் நல்லா இறுக்கிப் போடச் சொல்லுங்க. உங்க கடைத் தரையில முடிச்சுகூட வழுக்கிடும்" என்று சொல்லிவிட்டு, போனை என் மடியில் போட்டுவிட்டு, பின்பக்கம் திரும்பிப் பார்த்து வண்டியை எடுத்தாள்.